சுங்கம் தவிர்த்த பொட்டலங்கள்

என் பாட்டி மூன்று புடவை கட்டிக்கொண்டு ஃபெரி ஏறிய கதையை எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்கள். 1960களின் நடுப்பகுதி. பினாங்கு அப்போது வரியில்லாத் துறைமுகம். துணிமணி, சோப்பு, பிஸ்கட் டின், டார்ச் லைட் எல்லாம் தீவில் மலிவு. கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் வந்துவிட்டால் அது வேறு வரி எல்லை. கஸ்தாம்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பையில் இருக்கும் புதுப்புடவைக்கு வரி உண்டு, உடம்பில் கட்டியிருக்கும் புடவைக்குக் கிடையாது. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த பாட்டிக்கு இந்தச் சட்டநுணுக்கம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. தன் தங்கைக் கல்யாணத்துக்கு எடுத்த மூன்று புடவையையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, வியர்த்து வழிய, அதிகாரி முன்னால் போய் நின்றிருக்கிறார்.

"என்னாம்மா, போகும்போது ஒல்லியா இருந்த. வரும்போது ஊதிப் போயிட்ட?" என்று கேட்டாராம் அந்த மனிதர். பாட்டி வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, போ போ என்று கையைக் காட்டிவிட்டார்.

"அந்த மனுசன் நல்லா இருக்கணும்டா" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். வரி, சுங்கம் என்றாலே மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். நானும் அந்தப் பாடத்தை வேகமாகத்தான் கடந்து போவேன். போன ஆண்டு, 2025 ஆகஸ்டில், என் அக்காவின் பொட்டலம் ஒன்று திரும்பி வந்த பிறகுதான் பாட்டியின் கதையை வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன். அந்த அதிகாரி அன்று செய்தது தனிமனித இரக்கம் மட்டுமல்ல. அதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் இப்போது நம் கண் முன்னால் முடிந்துகொண்டிருக்கிறது.

அக்காவின் ஆகஸ்டு

அக்கா புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கோவிட் காலத்தில் வேலை போனபோது பட்டுநூல் வளையல், ஜிமிக்கி, மணப்பெண் அலங்காரப் பொருள்கள் செய்யப் பழகினார். முதலில் சொந்தக்காரர்களுக்கு, பிறகு இணையத்தில். உள்ளூரில் கொஞ்சம், சிங்கப்பூரில் கொஞ்சம் என்று வளர்ந்து, மூன்று வருடமாக அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது.

அந்த ஆகஸ்டில் 22 டாலர் ஜிமிக்கி ஒன்று கிளம்பியது. போன பொட்டலத்துக்கு வரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து ஜிமிக்கியின் விலையைவிட அதிகத் தொகையை அனுப்பும் நிறுவனம் கேட்டிருக்கிறது. வாங்கியவர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொட்டலம் திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கும் ஒரு கட்டணம்.

"தம்பி, நா என்னா தப்பு பண்ணேன்? ஒழுங்காத்தானே எழுதி அனுப்புனேன்?" என்றார்.

தப்பு எதுவும் பண்ணவில்லை. 2025 ஆகஸ்டு 29 முதல் 800 டாலருக்குக் குறைவான பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. சீனா, ஹாங்காங் பொட்டலங்களுக்கு அதே ஆண்டு மே 2ஆம் தேதியே நிறுத்தியாகிவிட்டது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் ஒரு மாதம்கூட முழுதாக இல்லாததால் உலகத்தின் தபால் துறைகள் தடுமாறிப் போயின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதல் பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தியது. 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுதாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்தியதாகவும், ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து ஒரு வாரத்துக்கு முந்தைய நாளோடு ஒப்பிட்டால் 81 விழுக்காடு சரிந்ததாகவும் அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் அறிவித்தது. 1874இல் தொடங்கிய அமைப்பு அது. உலகப் போர்களைப் பார்த்தது.

மெர்தாஜாமில் சமையலறை மேசையில் நூல் சுற்றும் ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பத்து வணிகர்கள்

சுங்கம் நமக்குப் புதிது அல்ல. திருக்குறளிலேயே 'உல்கு' என்ற சொல் வருகிறது. சுங்க வரிதான் அது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டைகளுக்குப் புலிச் சின்னம் இட்டு அனுப்பும் அதிகாரிகள் வருகிறார்கள். இன்றைக்கு அக்காவின் பொட்டலத்தில் ஒட்டும் பட்டைக்குறிக்கு அந்தப் புலிதான் பாட்டன்.

சோழர்களில் முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பெயர் உண்டு. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் பின் வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். "சார், நல்ல ராஜா சார்." அந்தக் குலோத்துங்கனுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு உரிய ஊர்களின் வரிகளை அவன் நீக்கிக் கொடுத்ததை 1090ஆம் ஆண்டின் சிறிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. பாட்டி மரம் வெட்டிய கூலிம் கெடாவில்தான் இருக்கிறது. வரிவிலக்கு கேட்டுக் கடல் தாண்டிப் போய் நிற்பது இந்த மண்ணுக்கு ஆயிரம் வருடப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது மலாக்கா. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, 1512க்கும் 1515க்கும் இடையில் அங்கே இருந்த தோமே பிரெஸ் என்பவர், சுல்தான் காலத்து வழக்கங்களை எழுதி வைத்திருக்கிறார். மேற்கிலிருந்து வரும் வணிகர்கள் (குஜராத்திகள், கிளிங் எனப்பட்ட தமிழர்கள், வங்காளிகள், பெகுக்காரர்கள்) 6 விழுக்காடு வரி கட்டினார்கள். ஊரில் குடும்பத்தோடு தங்கியவர்களுக்கு 3 விழுக்காடு. கிழக்கிலிருந்து வரும் சீனர்கள், ஜாவாக்காரர்களுக்கு வரி இல்லை. ஆனால் அரசனுக்குப் பரிசுப்பொருள் கொடுக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து வருகிறாய் என்பதை வைத்து வரியை நிர்ணயிப்பது அப்போதே இருந்திருக்கிறது. இன்று 'உற்பத்தி நாடு' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதே கேள்விதான்.

சரக்கின் மதிப்பை யார் முடிவு செய்தது? தெமெங்கோங் முன்னிலையில் பத்து வணிகர்கள் உட்காருவார்கள். ஐந்து பேர் கிளிங், ஐந்து பேர் மற்ற இனத்தவர். அவர்கள் விலை சொல்வார்கள், வரி கட்டப்படும், சரக்கு கை மாறும். பருவக்காற்றை நம்பிக் கப்பலோட்டும் வணிகனுக்கு எத்தனை விழுக்காடு என்பதைவிட, எத்தனை என்று முன்கூட்டியே தெரிவதும், சீக்கிரம் முடிவதும் முக்கியம். காற்று திரும்பிவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். மலாக்கா வரியில்லாத துறைமுகமாக இருந்ததால் செழிக்கவில்லை. வரி என்ன என்று கணக்கிடக்கூடிய துறைமுகமாக இருந்தது அதன் பலங்களில் ஒன்று.

இதை அக்காவிடம் சொன்னபோது, "அதான்டா. பத்து வெள்ளின்னா பத்து வெள்ளின்னு சொல்லிடு. போட்டுக்கிறேன். போய்ச் சேர்ந்த பெறகு வெல சொல்றது என்னா கணக்கு?" என்றார். தோமே பிரெஸ் இவரைச் சந்தித்திருந்தால் இன்னொரு பக்கம் எழுதியிருப்பார்.

இலவசத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது வணிகர்களை இழுக்க அவர் வைத்த தூண்டில், வரியில்லாத் துறைமுகம் என்ற அறிவிப்பு. வரி இல்லை என்றால் காவலுக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தப் பணம் கூலிக்காரர்களின் மடியிலிருந்து வந்தது. அதுவும் போதாமல் 1800களின் தொடக்கத்தில் சரக்குகளுக்கு வரி போட்டுப் பார்த்தார்கள். 1819இல் சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகமாகத் திறந்து வணிகத்தை அள்ளிக்கொண்டு போனது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றான பிறகு, பினாங்கும் மறுபடி வரியில்லாத் துறைமுகமானது.

இதை நான் பாடமாக நடத்தும்போது 'சுதந்திர வணிகத்தின் வெற்றி' என்றுதான் நடத்தியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. துறைமுகத்தில் பெருவணிகன் கட்டாத வரியை அபின் குகையில் கூலி கட்டினான். எந்த வரிவிலக்குக்கும் பின்னால் அதன் விலையைக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர்தான் ஏட்டில் இருக்காது.

1969இல் பினாங்கின் வரியில்லா நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. புதிய நாடு தன் தொழில்களைப் பாதுகாக்க நினைத்தது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் துறைமுகத்தை நம்பி இருந்தவர்களுக்கு வேலை போனது. கடைத்தெருவில் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் பெரிய தாத்தா அதில் ஒருவர். மூன்று வருடம் கழித்து, 1972இல், பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் வந்தது. வேலைகள் வந்தன, ஆனால் வேலை இழந்த நடுவயது ஆண்களுக்கு அல்ல. நல்ல கண்பார்வையும் மெல்லிய விரல்களும் உள்ள இளம்பெண்களுக்கு. எங்கள் குடும்பத்தில் அத்தைமார் முதலில் போனார்கள். பிற்பாடு அக்கா போனார். ஒரு சுங்கக் கதவு மூடியதாலும் இன்னொன்று திறந்ததாலும்தான் என் குடும்பம் இப்போதிருக்கும் வடிவத்துக்கு வந்தது என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் உறைத்தது.

ஒரு டாலரும் எண்ணூறு டாலரும்

அக்காவை மாட்டிவிட்ட அந்த அமெரிக்க விலக்குக்கு வருவோம். சட்ட மொழியில் 'டி மினிமிஸ்' என்பார்கள். அற்பமானவற்றைச் சட்டம் பொருட்படுத்தாது என்ற லத்தீன் வழக்கிலிருந்து வந்த பெயர். 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 321ஆம் பிரிவாக 1938இல் சேர்க்கப்பட்டது. சாதாரணப் பொட்டலங்களுக்கு வரம்பு ஒரு டாலர். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு ஐந்து டாலர். காரணம் மிக எளிது: பத்து காசு வரி வசூலிக்க அரசுக்கு ஒரு வெள்ளி செலவானால் அந்த வசூலில் அர்த்தமில்லை. பாட்டியைச் சிரித்து அனுப்பிய அதிகாரியின் மனக்கணக்கும் இதுதான்.

1978இல் வரம்பு ஐந்து டாலரானது. 1993இல் 200. 2016இல் ஒரே தாவலாக 800. இந்தக் கடைசித் தாவலில்தான் விலக்கின் குணம் மாறியது. கவனிக்கத் தேவையில்லாத அற்பமாக இருந்த ஒன்று, ஒரு வணிக முறையின் அடித்தளமாக ஆனது. கப்பலில் மொத்தமாக வந்து வரி கட்ட வேண்டிய சரக்கைத் தனித்தனிப் பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வாங்குபவர் பெயரிலேயே விமானத்தில் அனுப்பினால் வரியே இல்லை. 2015 நிதியாண்டில் சுமார் 13.9 கோடியாக இருந்த இத்தகைய பொட்டலங்கள் 2024இல் 130 கோடியைத் தாண்டின. பாட்டி மூன்று புடவை கட்டினார். இவர்கள் கோடிக்கணக்கான உடம்புகளில் ஆளுக்கொரு புடவையாகக் கட்டி அனுப்பினார்கள்.

எல்லா நாடுகளும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் ஆயிரம் டாலருக்குக் கீழான பொட்டலங்களுக்கும் பொருள் சேவை வரியைக் கொண்டுவந்தது. இந்தோனேசியா வரம்பை 2020 ஜனவரி இறுதியில் 75 டாலரிலிருந்து 3 டாலராக வெட்டியது. சிபாதுயுத் போன்ற இடங்களின் செருப்பு, பை செய்யும் கைவினைஞர்கள் நொடித்துப் போனதை அந்த அரசு காரணமாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ விலக்கை எடுத்தது. 150 யூரோவுக்குக் கீழான பொட்டலங்களின் ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ சுங்கம் என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்து, 2026 ஜூலை 1ஐ நாளாகக் குறித்தது. சிங்கப்பூர் 2023 ஜனவரியிலும், மலேசியா 2024 ஜனவரியிலும், தாய்லாந்து அதே ஆண்டு ஜூலையிலும், வியட்நாம் 2025 பிப்ரவரியிலும் இந்த வரிசையில் சேர்ந்தன.

இங்கே எனக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதவு மூடப்பட்டதை என்னால் முழுதாக எதிர்க்க முடியவில்லை. லிட்டில் இந்தியாவில் வாடகை கட்டி, ஆள் வைத்து, வரி கட்டிக் கடை நடத்துகிறவர் பக்கத்தில், எந்த வரியும் கட்டாத பொட்டலம் பாதி விலைக்கு வாசலில் வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்? சிபாதுயுத் செருப்புக்காரரும் அக்காவும் ஒரே ஜாதி. ஒரே விலக்கு ஒருவருக்குச் சோறு போட்டது, இன்னொருவர் சோற்றில் மண்ணைப் போட்டது. என் குறை வேறு. யானை நுழைந்ததற்காகக் கதவை மூடியவர்கள், அதே கதவில் போய்வந்துகொண்டிருந்த எறும்புக்கு என்ன வழி என்று யோசிக்கவில்லை.

சமையலறை மேசையில்

செப்டம்பர் மாதம் முழுக்க நானும் அக்காவும் இரவுகளில் உட்கார்ந்து விதிகளைப் படித்தோம். வரலாற்று வாத்தியார் எதற்காவது உதவ வேண்டும் அல்லவா? எங்களுக்குப் புரிந்ததை எழுதுகிறேன். அக்கா மாதிரி இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

முதலில் உள்ளே வருவது. அக்கா மணி, குந்தன் கல், நூல் எல்லாம் சென்னையிலிருந்தும் சீனாவிலிருந்தும் இணையத்தில் வாங்குகிறார். 2024 முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத வெளிநாட்டுப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. இதைச் சுங்கத்தில் பதிந்த விற்பனையாளரோ இணையச் சந்தையோ விற்கும்போதே வசூலிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் இப்படி மலேசியாவுக்குள் விற்பவர்தான் பதிய வேண்டும். வரி பொருளின் விலைக்குத்தான், அனுப்பும் கூலிக்கு அல்ல. 80 வெள்ளி மணிக்கு 15 வெள்ளி கூலி என்றால் வரி 8 வெள்ளி, ஒன்பதரை அல்ல. அக்காவின் பழைய ரசீதுகளில் ஒரு கடை கூலிக்கும் சேர்த்துப் போட்டிருந்தது. கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். நம் விற்பனை வரி ஒரே கட்டத்தில் வசூலிக்கப்படுவது. கட்டியதைப் பிறகு கழித்துக்கொள்ள வழியில்லை. அதனால் அந்த 10 விழுக்காட்டை மூலப்பொருள் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அக்கா ஒன்றரை வருடமாக அதைச் சேர்க்காமலேயே வளையல் விற்றிருக்கிறார்.

அடுத்து சிங்கப்பூர். அங்கே விமானத்திலோ தபாலிலோ வரும் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு இப்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. உலக அளவில் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வியாபாரமும், சிங்கப்பூர் வாடிக்கையாளரிடம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்பனையும் உள்ளவர்தான் பதிய வேண்டும். அக்காவுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆனால் பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால் அந்தச் சந்தையே விற்பனையாளராகக் கருதப்பட்டு வரியைச் சேர்த்துவிடும். ஒரே வளையல் இரண்டு இடத்தில் இரண்டு விலை. "ஏன் அக்கா, அங்க கூட போட்டுருக்கீங்க?" என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். பதிலை இரண்டு வரியில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.

"ஜோகூர்ல சித்தி மவன் தெனம் வேலைக்குப் போறானே, அவங்கிட்ட குடுத்து உட்டா என்னா?" என்று அக்கா கேட்டார். பாட்டியின் ரத்தம். நான் படித்துக் காட்டினேன்: தரைவழியாக வரும் பொருளுக்கு அந்த 400 வெள்ளிச் சலுகை கிடையாது. பயணிகளுக்கான சலுகை சொந்த உபயோகத்துக்குத்தான், விற்பனைச் சரக்குக்கு அல்ல. அக்கா பெருமூச்சு விட்டார்.

கடைசியாக அமெரிக்கா. இங்கே மூன்று கட்டங்களில்தான் தலையெழுத்து இருக்கிறது. பொருள் என்ன, எங்கே செய்தது, என்ன விலை. 'ஃபேன்ஸி ஐட்டம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. போலி நகைகளுக்கு உலகம் முழுக்க 7117 என்ற தலைப்பு எண். அதை எழுத வேண்டும். செய்த நாடு வேறு, அனுப்பும் நாடு வேறு. சீனாவில் செய்த வளையலை மெர்தாஜாமிலிருந்து அனுப்பினால் அது மலேசிய வளையல் ஆகாது. அக்கா சொந்தமாகச் செய்ததும், வாங்கி விற்பதும் கலந்து ஒரே பெட்டியில் போய்க்கொண்டிருந்தன. இப்போது பிரித்துவிட்டார். எந்த மூலப்பொருள் எங்கே வாங்கியது, எங்கே செய்தது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கிறார்.

அப்புறம், வரியை எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்பது. 2025 ஆகஸ்டு ஏற்பாட்டில் தபாலில் போகும் பொருளுக்கு இரண்டு முறை வைத்தார்கள். ஒன்று, பொருளின் மதிப்பில் அந்த நாட்டுக்குரிய விழுக்காடு. மலேசியாவுக்கு அப்போது 19. மற்றொன்று, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று அறிவித்த நிலையான தொகை. நாட்டின் விகிதத்தைப் பொறுத்து ஒரு பொருளுக்கு 80, 160, அல்லது 200 டாலர். மலேசியா 160 டாலர் வரிசையில் வரும். 22 டாலர் ஜிமிக்கிக்கு முதல் முறையில் சுமார் 4 டாலர் 18 காசு. இரண்டாவது முறையில் 160 டாலர். ஒரே சட்டம், ஒரே ஜிமிக்கி. ஆக, அனுப்பும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'வரி எவ்வளவு' என்பது அல்ல. 'எந்த முறையில் போடுகிறீர்கள், யாரிடம் வசூலிப்பீர்கள், உங்கள் கட்டணம் தனியாக எவ்வளவு' என்பதுதான். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரியை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டும் வழி இருந்தால் அதையே எடுப்பது என்று முடிவு செய்தோம். வாங்குபவர் பார்க்கும் விலைதான் கடைசி விலை. விலைப்பட்டியலில் 'இந்த விலை இந்தத் தேதிவரை' என்று போட்டுவிட்டோம், வரி மாறினால் பட்டியலும் மாறும். பத்து டாலர் பொருளைத் தனியாக அனுப்புவதை நிறுத்தி, ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதைத் தொகுப்பாக விற்கிறார். திரும்பி வரும் பொட்டலத்துக்குக் கட்டிய வரியை மீட்பது பெரும்பாடு. அதனால் அளவை முதலிலேயே படத்தோடு உறுதி செய்துகொள்கிறார். 'அன்பளிப்பு' என்று எழுதுவதில்லை, விலையைக் குறைத்துப் போடுவதில்லை. இரண்டையும் செய்யச் சொல்லி வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள். பிடிபட்டால் பொட்டலம் போகும், அதோடு நோட்டில் எழுதிய எல்லாக் கணக்கும் பொய்யாகும்.

இவ்வளவும் செய்து அமெரிக்க வியாபாரம் பாதிக்கு மேல் திரும்பவில்லை. மாதத்துக்குப் பதினைந்து பொட்டலம் போனது, இப்போது ஆறோ ஏழோ. அந்தப் பள்ளத்தை நிரப்ப உள்ளூர்க் கல்யாண மண்டபங்களில் மேசை போட்டு விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டை தூக்குவது நான்தான். இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மலாக்காவில் பத்து வணிகர்கள் உட்கார்ந்தபோது அவர்கள் கண் முன்னால் சரக்கு இருந்தது, எதிரில் வணிகன் இருந்தான். பட்டர்வொர்த் துறையில் அதிகாரியின் முன்னால் வியர்த்து நின்ற ஒரு பெண் இருந்தார். அக்காவின் பொட்டலத்தை எடைபோடும் இயந்திரத்துக்கு முன்னால் யாரும் இல்லை. அது யாரையும் பார்த்துச் சிரிக்காது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் படிவத்திலேயே எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் டெக்சசுக்கு ஒரு கல்யாணத் தொகுப்பு கிளம்பியது. அக்கா படிவத்தை நிரப்பிவிட்டு என்னிடம் நீட்டினார். பொருள், எண், செய்த நாடு, விலை, எல்லாம் சரியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போடும் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன்டா தம்பி, பாட்டி இப்ப இருந்தா என்னா பண்ணியிருக்கும்?"

"நாலாவது புடவையும் கட்டியிருக்கும்" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.